மூன்று முறை கழுவிய பை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு இன்னா வேலை செய்யுது?" என்று கேட்டார்கள். "பட்டாளத்துக்குப் போற சோத்த எரிச்சுப் பாக்குற வேலை" என்றார் என் அப்பா. வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள், மறுபடி வரவில்லை. அப்பா மில்லில் நூல் ஓட்டியவர், பூசி மெழுகத் தெரியாதவர். அவர் சொன்னதில் தப்பும் கிடையாது. அதற்குப் பிறகு வந்த ஒரு குடும்பம் எதையுமே கேட்கவில்லை. அங்கேதான் வாழ்க்கைப்பட்டேன்.

முப்பத்தைந்து வருடம் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போன வைகாசியில் ஓய்வு பெற்றேன். இந்த வைகாசிக்குள் 'அந்தக் காலம்' ஆகிவிட்டேன். ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறதாம். சாப்பாட்டை அரைத்துத் தட்டில் வைத்து மூடியைச் சாத்தினால், இரண்டே நிமிடத்தில் புரதம், கொழுப்பு, கலோரி எல்லாம் திரையில் வந்து நிற்கிறது. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கீழே ஒரு பெண், "கலை மேடம், அந்தக் காலத்துல இதையெல்லாம் எப்படிப் பண்ணீங்க? எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடலாம்" என்று கேட்டிருந்தாள். எழுதுகிறேன். இரண்டாம் பக்கத்தைப் படித்ததுமே மலரில் இடம் இல்லாமல் போய்விடும் என்பது என் கணிப்பு. ஆனாலும் கேட்டது அவர்கள்தான்.

கம்பெனி புதுச்சேரிக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது. பனிமலை, காடு, பாலைவனம் என்று அடுப்பு மூட்ட முடியாத இடங்களில் நிற்கும் ராணுவ வீரருக்கு ஒரு நாள் முழுவதற்குமான சாப்பாட்டை ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புவோம். ரவா அல்வா, ராஜ்மா, காய்கறிப் புலாவ் எல்லாம் தனித்தனி அலுமினியப் பைகளில் வெந்து மூடியிருக்கும். கூடவே சப்பாத்தி, சாக்லேட், ஊறுகாய், சர்க்கரை, டீத்தூள். சூடாக்கிக்கொள்ளக் கற்பூரம் மாதிரி எரியும் ஒரு வில்லை, அதைப் பற்றவைக்க ஒரு தீப்பெட்டி. மொத்தத்தில் இத்தனை கலோரி இருந்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு எண் உண்டு. அதற்குக் கீழே போனால் சரக்கு முழுவதும் தள்ளுபடி. ஆகவே லாரி கிளம்புவதும் நிற்பதும் என் கையெழுத்தில் இருந்தது. புதுச்சேரியின் சாரம் பகுதியிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவளுக்கு இது எத்தனை பெரிய கௌரவம் என்று சொல்லத் தேவையில்லை.

கல்லூரியில் வேதியியல் படித்தேன், வேலைக்குச் சேர்ந்தேன், முதல் இரண்டு வருடம் கண்ணாடிக் குடுவை கழுவினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. கழுவுவதில் மட்டும் எனக்கு இணை யாரும் கிடையாது என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயர்தான் பின்னால் வந்து காலை வாரியது.

நாங்கள் செய்தது இதுதான். ஒரே தடவையில் தயாராகும் சரக்குக்கு லாட் என்று பெயர். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில பொட்டலங்களை எடுத்து வருவோம். பையை மூடியபடி எடை போட்டு, வெட்டி, உள்ளே இருப்பதை வழித்து எடுத்து, வெறும் பையை மறுபடி எடை போடுவோம். பிறகு ஒரு நாள் சாப்பாடு முழுவதையும் ஒரே ஜாரில் போட்டு அரைப்போம். அல்வாவும் ராஜ்மாவும் ஊறுகாயும் சாக்லேட்டும் ஒன்றாக அரைபட்டால் என்ன நிறம் வரும் என்று எழுதி உங்கள் மத்தியானச் சாப்பாட்டைக் கெடுக்க மாட்டேன். டீத்தூளை மட்டும் சேர்க்க மாட்டோம். டீத்தூளை யாரும் அள்ளித் தின்பதில்லை என்கிற அளவுக்கு எங்களுக்கும் சாப்பாட்டைப் பற்றித் தெரிந்திருந்தது.

அந்த விழுதை உலர்த்தி, புரதத்தை ஒரு பக்கமும் கொழுப்பை ஒரு பக்கமும் பிரித்தெடுத்து, மிச்சத்தை மாவுச்சத்து என்று வைத்துக்கொள்வோம். புரதத்துக்கும் மாவுக்கும் கிராமுக்கு நாலு கலோரி, கொழுப்புக்கு ஒன்பது. பெருக்கிக் கூட்டினால் வந்துவிடும். அதைச் சரிபார்க்க இன்னொரு வேலை உண்டு. ஒரு சிட்டிகையை மாத்திரை மாதிரி அழுத்தி, கனமான உருக்குக் குடுவைக்குள் வைத்து, ஆக்சிஜன் நிரப்பி, தண்ணீருக்குள் இறக்கி, மெல்லிய கம்பியில் மின்சாரம் கொடுத்து ஒரே மூச்சில் எரிப்போம். சுற்றியிருக்கும் தண்ணீரில் சூடு எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு. அப்பா சொன்ன எரிப்பு இதுதான். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வராது. தெர்மாமீட்டர் மட்டும் மெல்ல ஏறும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. முப்பதாவது வருடத்தில் கொட்டாவி வந்தது.

தர மேலாளர் வைத்தியநாதன் சாருக்கு ஆய்வகத்தில் 'ரிப்பீட் சார்' என்று பெயர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தாளை இரண்டு விரலால் வாங்குவார். ஒப்பந்த எண்ணுக்குக் கீழே என் எண் இருந்தால், மேசைக் கண்ணாடியின் ஓரம் வரைக்கும் தாளை மெதுவாகத் தள்ளிவிட்டு, "ரிப்பீட் பண்ணுங்கம்மா" என்பார். தப்பு என்று சொல்ல மாட்டார். மாற்றி எழுது என்று ஒருநாளும் சொன்னதில்லை, அதற்கு அவர் ரொம்ப நல்லவர். நல்ல எண் கிடைக்கும் வரை உண்மையைத் தேடச் சொல்வார், கிடைத்ததும் உண்மை அகப்பட்டுவிட்டது என்று கையெழுத்துப் போடுவார். எண் கூடுதலாக வந்து அவர் ரிப்பீட் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வேலைக்குச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு புலாவ் லாட் ஒப்பந்த எண்ணைத் தொடாமல் இழுத்தடித்தது. மூன்று தடவை ரிப்பீட். லாரி வெளியே நிற்கிறது. நாலாவது தடவை செய்யும்போது வெறும் பையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கமெல்லாம் வழவழவென்று வனஸ்பதி பூசியிருந்தது. கரண்டியால் வழித்தால் வராது. எனக்குத்தான் கழுவும் கை ஆயிற்றே! சுடுதண்ணீர் ஊற்றி, குலுக்கி, அந்தத் தண்ணீரையும் விழுதோடு சேர்த்தேன். ஒரு முறை போதாது என்று மூன்று முறை. எண் ஒப்பந்தத்தைத் தாண்டிக் குதித்தது.

அன்றைக்கு ரிப்பீட் சார் தன் கையாலேயே டீ கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "பைக்குள்ள இருக்குறது எல்லாம் சாப்பாடு தானம்மா, அத விட்டா அநியாயம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வாரமே மூன்று முறை கழுவுவது எழுத்து வடிவில் செய்முறையில் ஏறியது. பேச்சுவழக்கில் அதற்குக் 'கலை மெத்தட்' என்று பெயர். ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அதில் சப்பாத்தி வைத்தால் சாயந்திரம் வரைக்கும் சூடு ஆறாது.

சாப்பாட்டை யாருமே சாப்பிட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். ருசி பார்க்க ஒரு கமிட்டி இருந்தது. மேலாளர்கள் ஆறு பேர், ஏசி அறை, பீங்கான் தட்டு. பைகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, ஆவி பறக்கப் பரிமாறுவார்கள். நிறம், மணம், ருசி என்று ஒன்பதுக்கு மதிப்பெண் போட வேண்டும். எட்டுக்குக் குறைந்து யாரும் போட்டதில்லை. சாப்பாடு முடிந்து ஐஸ்கிரீம் வரும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படி எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது நடக்கும்போது ராணுவத்தின் உணவுப் பரிசோதனை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பனிமலையில் ஒரு காவல் முகாமில் இருந்தவர்கள் பல வாரம் எங்கள் பொட்டலத்தை மட்டுமே சாப்பிட்டிருக்கிறார்கள். கீழே இறங்கி வந்தபோது எல்லாருக்கும் எடை அளவுக்கு மீறிக் குறைந்திருந்ததாக மருத்துவர் எழுதியிருக்கிறார். விசாரணை நடக்கிறது. அந்த லாட்டில் நாங்கள் எடுத்து வைத்திருக்கும் மாதிரிகளை மறுபடி சோதித்து அறிக்கை அனுப்ப வேண்டும். கூடவே, அங்கே சாப்பிட்டு மிஞ்சிய வெறும் பைகள் ஒரு மூட்டை வந்திருந்தது. அவை எங்கள் பைகள்தானா என்று லாட் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

லாட் எண் எங்களுடையதுதான். மூட்டை இரண்டாயிரம் மைல் ரயிலில் வெந்து வந்திருந்ததால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலாகப் பத்துப் பைகளைப் பார்த்துவிட்டு, கட்டி ஸ்டோர் ரூம் மூலையில் தள்ளிவிட்டேன். மாதிரிகளை நானே சோதித்தேன். மூன்று முறை கழுவி, அரைத்து, பிரித்து, எரித்து, கூட்டிப் பார்த்தால் ஒப்பந்த எண்ணைவிடக் கணிசமாகக் கூடுதல். ரிப்பீட் சார் ரிப்பீட் கேட்கவில்லை. "பிரமாதம்மா" என்றார். நானும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பதினைந்து நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வாசல் காவலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் மடித்த காகிதம்.

"மேடம், நான் அரியாங்குப்பத்துலேருந்து வர்றேன். செல்வராணி. எங்க வூட்டுக்காரரு முருகையன், பட்டாளத்துல ஹவில்தாரு. மலைமேல ஸ்டோரு பாத்தவரு."

"சரிம்மா, இன்னா விஷயம்?"

"நீங்க அனுப்புன காயிதத்தால அவர மாட்டி வெச்சிருக்காங்க."

அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்குக் கோபம்தான் வந்தது. முகாமில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தவர் அவள் கணவர். பொட்டலத்தில் தேவைக்கு மேல் சத்து இருக்கிறது என்று எங்கள் அறிக்கை சொல்கிறது. அப்படியானால் தினம் ஒரு பொட்டலம் சாப்பிட்டவர்கள் மெலிந்திருக்கவே முடியாது. மெலிந்திருக்கிறார்கள் என்றால் பொட்டலம் கைக்குப் போகவில்லை. போகவில்லை என்றால் ஸ்டோர் பார்த்தவர் விற்றுவிட்டார். வீரர்கள், "வாங்கினோம், சாப்பிட்டோம்" என்று சொன்னதை, கூட இருந்தவரைக் காப்பாற்றச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிட்டார்களாம். அந்த ஒரு மூட்டை தவிர மற்ற வெறும் பைகளை மலையிலேயே புதைத்துவிட்டதால் எண்ணிக் காட்டவும் வழியில்லை.

"பொட்டலத்துமேல நம்ம ஊரு பேரு போட்டிருக்குன்னு அவருதான் போன்ல சொன்னாரு. அதான் தேடிக்கினு வந்தேன். இருபத்திரண்டு வருஷ சர்வீசு மேடம். திருடன்னு வெளிய அனுப்பப் போறாங்க."

"எங்க ரிசல்ட்டுல தப்பு கிடையாதும்மா. நானே செஞ்சேன்."

"தப்புன்னு நான் சொல்லல. நீங்க படிச்சவங்க. சத்து பையில இருக்குதுன்றீங்க. பைய குடுத்துட்டேன்றாரு அவரு. துன்னுட்டோம்ன்றாங்க பசங்க. ஆனா ஒடம்புல காணோம். நடுவுல எங்க போச்சு மேடம்? அத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

பதில் தெரியாதபோது அதிகாரி மாதிரிப் பேசுவது எல்லாருக்கும் வரும். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு முசே லூர்து. முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு வந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். ஓய்வூதியம் பிரான்சிலிருந்து வருவதால், மீனைத் தவிர இந்த நாட்டின் எந்தப் பொருளிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. சாயந்திரம் மதில் பக்கம் நின்றுகொண்டிருந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் தங்கள் ராணுவப் பெட்டியின் பெருமையை முடித்துக்கொண்டார்.

"எங்க பெட்டியில பத்தே இருக்கும், ஃப்ரொமாஜ் இருக்கும், சொக்கொலா இருக்கும்" என்றார். ஈரல் விழுது, சீஸ், சாக்லேட் என்று எனக்காக அவரே தமிழும் சொன்னார். பிறகு கேட்டார், "சரி, உங்க சோத்த துன்னு பாத்தது யாரு?"

"கமிட்டி, முசே."

"சூடாவா?"

"சூடாத்தான்."

இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். "ஆல்ப்ஸ் மலையில எனக்கு எவம்மா சுடவெச்சுக் குடுத்தான்? அந்தக் காத்துல நெருப்புக்குச்சி நிக்குமா? கைய உறையிலேருந்து எடுத்தா வெரலு போயிடும். பைய கிழிச்சு, ஸ்பூன வுட்டு நோண்டி, வந்தவரிக்கும் துன்றதுதான். நாலு பை எடுத்துக்கினு வா. காட்றேன்."

விதிப்படி வெளியே எடுத்துப் போகக் கூடாது. எடை போட்டுக் குறித்துக்கொண்டு, நாலு பைகளைச் சாப்பாட்டுக்கூடைக்குள் வைத்து எடுத்து வந்தேன். அவை ஒரு நாள் முழுக்க அவர் வீட்டு ஃப்ரீசரில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தார் உருகும் வெயிலில், முசே லூர்து பனியனும் அரைக்கால்சட்டையும் கம்பளிக் கையுறையுமாக நாற்காலியில் உட்கார்ந்து, கல்லாய் உறைந்த ரவா அல்வாவைப் பிளாஸ்டிக் ஸ்பூனால் குத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் சிரித்தேன். முதல் ஸ்பூன் உடைந்தது. இரண்டாவது ஸ்பூனில் நடுப்பகுதி வந்தது. ஓரம் வரவில்லை. பையைப் பிதுக்கினார், மடித்தார், கடைசியில் ஓரத்தை நக்கப் போய் நாக்கு ஒட்டிக்கொண்டு, பிரெஞ்சில் ஏதோ திட்டினார்.

"அவ்ளோதான் வருது. சாப்பாடு முடிஞ்சுது" என்று பையை என்னிடம் நீட்டினார்.

வாங்கி உள்ளே பார்த்தேன். சுவர் முழுக்க வெள்ளைவெளேரென்று நெய் உறைந்து பூசியிருந்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது.

மற்ற மூன்று பைகளையும் அவர் அப்படியே தின்று முடித்துக் கொடுத்தார். திங்கட்கிழமை நாலையும் எடை போட்டேன். தங்கியிருந்தது எடையில் பெரிதில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி நெய்யும் வனஸ்பதியும். கிராமுக்கு ஒன்பது. குளிர்ந்ததும் கொழுப்புதான் முதலில் பிரிந்து அலுமினியத்தில் ஒட்டுகிறது, கொழுப்பில்தான் சத்து அதிகம். இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் பதினேழு வருடமாகத் தெரியவில்லை, ஏனென்றால் நான் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஸ்டோர் ரூம் மூலையில் கிடந்த மூட்டையை அவிழ்த்தேன். ஆய்வகத்துப் பெண்கள் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒவ்வொரு பையாக எடை போட்டு, கழுவி, எடை போட்டு, கொழுப்பைப் பிரித்தேன். நாலு நாள், நாற்பது பை. முசே லூர்துவிடம் மிஞ்சியதைவிட இவற்றில் அதிகம் மிஞ்சியிருந்தது. சில பைகளை ஓரத்தில் பிளேடால் நீளமாக அறுத்து விரித்திருந்தார்கள். ஒரு பையின் மடிப்பில் பல் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. யாரோ ஒரு ஆள் அந்தப் பனியில் அலுமினியத்தைக் கடித்து, ஒட்டியிருந்ததை எடுக்கப் பார்த்திருக்கிறார். அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். நாற்றத்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

செல்வராணி கேட்ட கேள்விக்கு அப்போது பதில் கிடைத்தது. நடுவில் போன சத்து என் சுடுதண்ணீரில் போயிருந்தது.

அறிக்கையில் இரண்டு வரி எழுதினேன். பையில் இருக்கும் கலோரி ஒன்று. குளிரில் கரண்டிக்கு வரும் கலோரி இன்னொன்று. இரண்டாவது எண் ஒப்பந்தத்தின் பக்கத்தில்கூட இல்லை. ரிப்பீட் சார் இரண்டு விரலால் வாங்கினார். கண்ணாடியின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"ரிப்பீட் பண்ணுங்கம்மா."

"பண்ணியாச்சு சார். நாப்பது பை."

"இது நம்ம மெத்தட்ல இல்லியேம்மா."

"மெத்தடே என்னோடதுதான சார்."

அவருக்குக் கோபம் வரவில்லை, வராது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார், "நம்ம வேலை பைக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றது. வாய்க்குள்ள போறது அவங்க டிபார்ட்மெண்ட்."

"ஒரு ஆள திருடன்னு உட்கார வெச்சிருக்காங்க சார், நம்ம தாள காட்டி."

"நாம யார் பேரையும் எழுதலியேம்மா."

முப்பது வருடம் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை முழுவதும் போனது. என்மேல் இருந்ததும் பாதி போனது, ஏனென்றால் வேப்பமரத்தடியில் நான் பேசியதும் ஏறக்குறைய இதுதான். தாளை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு பிரதி எடுத்து, அவர் கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாக விட்டு, என் கையெழுத்தை மட்டும் போட்டு, பல் தடம் பதிந்த பையையும் சேர்த்து, ராணுவப் பரிசோதனை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

வேலையை விட்டுத் தூக்கவில்லை. நிறுவனம் ரொம்ப நாகரிகமானது. என்னை அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள். கடைசி ஐந்தாறு வருடம், பெட்டி எத்தனை கிலோ அழுத்தத்தில் நசுங்கும் என்று நசுக்கிப் பார்த்தேன். அட்டைக்குக் கலோரி கிடையாது என்பதால் நிம்மதியான வேலை.

என் கடிதத்துக்குப் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. வீரரின் வாய்க்குப் போகும் சத்தைக் கூட்ட வழி செய்யுங்கள் என்று ராணுவ அலுவலகம் எழுதியது. கம்பெனி உடனே வழி செய்தது. ஒவ்வொரு பையிலும் வனஸ்பதியைக் கூட்டினார்கள். அதுவும் சேர்ந்து சுவரில் ஒட்டியது. கூடவே பையின்மேல் 'சூடாக்கி உண்ணவும்' என்று மூன்று மொழியில் அச்சடித்தார்கள். காற்று மூன்றில் எதையும் படிக்காது என்பதை யோசிக்கவில்லை. இப்போது வந்திருக்கும் புதிய இயந்திரத்தின் வீடியோவை நன்றாகப் பாருங்கள். தட்டில் வைப்பதற்கு முன்னால் அந்தப் பெண் பையைச் சுடுதண்ணீரில் கழுவுகிறாள். எண்ணிப் பார்த்தேன், மூன்று முறை. முன்பு இரண்டு நாளில் வந்த பொய் இப்போது இரண்டு நிமிடத்தில் வருகிறது.

முருகையன் விஷயத்தில் விசாரணை எட்டு மாதம் இழுத்தது. கடைசியில் 'குற்றம் நிரூபணமாகவில்லை' என்று எழுதி மூடினார்கள். குற்றமில்லை என்று எழுதவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்கு நன்றாகத் தெரியும். சோதனையில் ஒரு நஞ்சு அகப்படவில்லை என்றால், 'கண்டறியப்படவில்லை' என்றுதான் எழுதுவோம், 'இல்லை' என்று ஒருபோதும் எழுத மாட்டோம். வரவேண்டிய பதவி உயர்வு அவருக்கு வரவில்லை. மிச்ச சர்வீசை முடித்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டார்.

வந்த இரண்டாவது மாதம் ஒரு காலையில் கணவனும் மனைவியுமாகச் சாரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். செல்வராணி ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அன்றைக்கு மரத்தடியில் பேசியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வுடுங்க மேடம்" என்றாள்.

"ஒரு உதவி மேடம்" என்றார் முருகையன். "எனக்கு அவங்க குடுத்த காயிதம் இங்கிலீஷ்ல இருக்குது. எங்க தெருவுல யாரும் அத முழுசாப் படிக்கறதில்ல. கேஸுன்ற வார்த்தைய மட்டும் படிக்கறாங்க. பையன் காலேஜ் போறான். அவன்கிட்டயே ஒருத்தன் கேட்டுட்டானாம், உங்கப்பாரு பட்டாளத்துல சோத்த வித்துட்டாராமேன்னு. வூட்டுக்கு வந்து அவன் என்னய கேக்கல மேடம். கேட்டிருந்தாகூட பதில் சொல்லியிருப்பேன்."

மடித்திருந்த அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"நீங்க ஒரு காயிதம் தமிழ்ல எழுதிக் குடுங்க. அவன்கிட்ட குடுக்கணும்."

முப்பது வருடத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றில்கூட ஒரு மனிதரின் பெயர் இருந்ததில்லை. உள்ளே போய் வெள்ளைத்தாள் எடுத்து வந்தேன். நாலு வரி எழுத அரைமணி நேரம் ஆனது. எழுதியது இதுதான்:

'ஹவில்தார் முருகையன் வீரர்களின் சாப்பாட்டை விற்கவில்லை. அவர் கொடுத்த பொட்டலங்களை அவர்கள் சாப்பிட்டார்கள். அதில் காணாமல் போன சத்து பையின் சுவரில் ஒட்டியிருந்தது. அதைச் சுடுதண்ணீரில் கழுவி எடுத்து, சாப்பாட்டில் இருந்ததாக எழுதியவள் நான்.'

கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கி, உதடு அசைய ஒரு முறை படித்தார். மனைவியிடம் காட்டினார். திரும்ப வாங்கி மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"தேதி போடலியே மேடம். தேதி இல்லாத காயிதத்த நான் ஸ்டோருல வாங்கினதே இல்ல."

வாங்கித் தேதி போட்டுக் கொடுத்தேன்.